கனகாவின் இடது கண்

பெரம்பூர், சென்னை
11-6-1961

அன்புள்ள தம்பி முனிரத்தினத்துக்கு அக்கா ஜெயம்மாள் எழுதிக்கொண்டது. நான் சுகம். நீயும் ஆதிலட்சுமியும் சுகம்தானா? குழந்தையையும் பேர் சொல்லி விசாரிக்க வேண்டும்; அதன் பேர் எனக்குத் தெரியாது. உனக்குப் பெண் பிறந்து பத்து மாதம் ஆகிறது என்பதே முந்தாநாள்தான் தெரிந்தது. அதுவும் ஊரார் வாயால்.

உங்கள் ஏரிக்கரைத் தெரு கங்கம்மாள் கண்புரை ஆபரேஷனுக்காக எங்கள் ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறாள். நான் வார்டில் படுக்கை மாற்றிக்கொண்டிருந்தேன். குரலை வைத்து அடையாளம் கண்டு கூப்பிட்டாள். "ஏன் ஜெயா, ஒன் தம்பி பொண்ணப் பாத்தியா? எடது கண்ணுல சதா தண்ணி வடிஞ்சிக்கினே கீது. காத்தால பாத்தா பீளை கட்டி கண்ணே தொறக்க மாட்டேங்குது. பாவம், அய்மூஞ்சின்னே தெருவுல பேர் வெச்சிட்டாங்க" என்றாள். வெளியே கிளம்புகிறவர்கள் அந்தக் குழந்தை முகத்தில் விழிக்கக்கூடாது என்று கதவை ஒருக்களித்துப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறார்களாம்.

தம்பி, இது கிரகமும் இல்லை, சாபமும் இல்லை. கண்ணின் மூக்கோரத்து மூலையிலிருந்து மூக்குக்குள் ஒரு மெல்லிய வழி இருக்கிறது. கண்ணில் ஊறும் தண்ணீர் அந்த வழியாகத்தான் இறங்கும். சில குழந்தைகளுக்கு அதன் அடிவாயை ஒரு மெல்லிய தோல் மூடியிருக்கும். பெரும்பாலும் வருஷம் திரும்புவதற்குள் தானாகத் திறந்துவிடும். திறக்காவிட்டால் மயக்கம் கொடுத்து, தலைமுடிபோல ஒரு வெள்ளிக் கம்பியை விட்டு டாக்டர் திறந்துவிடுவார். ஐந்து நிமிஷ வேலை. நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

குழந்தையைக் கூட்டிக்கொண்டு வா. கண்ணில் தாய்ப்பால் பீய்ச்ச வேண்டாம். தழைச்சாறு விட வேண்டாம். ஆதிலட்சுமியைக் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு, உன் அக்கா
ஜெயம்மாள்


உத்திரமேரூர்
29-6-1961

அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. சுகமா என்று கேட்டிருந்தாய். சுகம்.

குழந்தை பேர் கனகா. பேர் வைத்தபோது உனக்குச் சொல்லவில்லை. மறந்துபோய் இல்லை, வேண்டுமென்றுதான்.

ஐந்து நிமிஷ வேலை என்று எழுதியிருக்கிறாய். சுப்ரமணிக்கும் இதே வார்த்தையைத்தான் சொன்னாய். "கொடல் எறக்கம்பா, சின்ன ஆபரேசன், நான் வேல செய்ற எடம், ராசா மாதிரி பாத்துக்குவாங்க" என்றாய். மூன்று வயதுப் பையன். காஞ்சிபுரம் பஸ்ஸில் ஜன்னல் ஓரம்தான் வேண்டும் என்று அடம் பிடித்து உட்கார்ந்து வந்தான். மூன்றாம் நாள் அவனைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிப் படி இறங்கினேன். பஸ்ஸில் தூங்குகிற பிள்ளை என்று நினைத்து ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். நான் உட்கார்ந்தேன். உத்திரமேரூர் வரைக்கும் தூங்குகிற பிள்ளை மாதிரியே வைத்திருந்தேன்.

அந்த ஆஸ்பத்திரி வாசலை என் இன்னொரு பிள்ளை மிதிக்காது. கண்ணில் தண்ணீர் வந்தால் வரட்டும். உயிரோடு அழட்டும்.

மில்லில் நெல் அவிக்கிற வேலை நடக்கிறது. எனக்கு நேரம் இல்லை. இனிமேல் எழுதாதே.

முனிரத்தினம்


பெரம்பூர், சென்னை
6-7-1961

தம்பிக்கு அக்கா எழுதுவது. நான் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்கவில்லை. கேட்டால் கோபம் வருகிறது உனக்கு.

எழுதாதே என்று நீ சொன்னால் நான் நிறுத்திவிட வேண்டுமா? நான் உனக்கு மூத்தவள். அம்மா போனபின் உன்னை இடுப்பில் தூக்கி நடவுக்குப் போனவள். சுப்ரமணியை இதில் இழுக்காதே. மயக்க மருந்து சில உடம்புக்கு ஒத்துக்கொள்வதில்லை என்று டாக்டர் உன்னிடமே சொன்னார். நூற்றில் ஒன்று அப்படி ஆகிறது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? போனவனை நினைத்து நீ இருக்கிறவளின் கண்ணைக் கெடுக்கிறாய். சீழ் உள்ளேயே தேங்கினால் ஒருநாள் கட்டியாகும். கட்டி உடைந்தால் முகத்தில் ஓட்டை விழும். அந்த முகத்தோடு ஒரு பெண் பிள்ளை இந்த ஊரில் எப்படி வாழும் என்று யோசித்தாயா?

இந்தக் கடிதத்தை ஆதிலட்சுமிக்குப் படித்துக் காட்டு. அவளுக்கு எழுத்துத் தெரியாது என்பதால் நீ உனக்காகவும் அவளுக்காகவும் சேர்த்து முடிவு செய்யாதே. பெற்றவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ஜெயம்மாள்


பெரம்பூர், சென்னை
17-9-1961

மதிப்பிற்குரிய தேவகி டீச்சர் அம்மாளுக்கு வணக்கம். நான் உங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் இருக்கும் முனிரத்தினத்தின் அக்கா. என் தம்பி இரண்டு மாதமாகப் பதில் போடவில்லை. கங்கம்மாள் உங்கள் விலாசம் கொடுத்தாள். கீழே இருப்பதை அவன் மனைவி ஆதிலட்சுமிக்கு மட்டும் படித்துக் காட்ட வேண்டுகிறேன்.

ஆதிலட்சுமி, சுகமா? கனகா தவழ்கிறாளா, நிற்கிறாளா? உன் புருஷனோடு நீ சண்டை போட வேண்டாம். ஆஸ்பத்திரிக்கும் வர வேண்டாம். வீட்டில் ஒரு காரியம் மட்டும் செய். கையை சோப்புப் போட்டுக் கழுவிக்கொள். நகத்தை ஒட்ட வெட்டு. சுண்டு விரலை அவள் இடது கண்ணின் மூக்கோரத்து மூலையில் வை. மெதுவாக அழுத்தி, மூக்கை ஒட்டினாற்போல் கீழே இழு. அழுத்தினால் உள்ளே இருக்கும் சீழ் வெளியே வரும், பயப்படாதே. கொதித்து ஆறிய தண்ணீரில் வெள்ளைத் துணியை நனைத்துத் துடை. காலை, மதியம், சாயங்காலம் பத்துப் பத்துத் தடவை. இதிலேயே திறந்துகொண்ட குழந்தைகளை நான் பார்த்திருக்கிறேன்.

உனக்கு என்மேல் என்ன இருந்தாலும் இதைச் செய். டீச்சரம்மா கையால் இரண்டு வரி போடு.

ஜெயம்மாள்


உத்திரமேரூர்
20-10-1961

அக்கா,

இங்கே எல்லோரும் இருக்கிறோம். நீயும் இருப்பாய்.

திருட்டுத்தனம் எப்போது பழகினாய்? மில்லில் இருந்து சாப்பாட்டுக்கு வந்தவன், ஆதிலட்சுமி கொல்லையில் உட்கார்ந்து குழந்தையின் மூக்கை அழுத்திக்கொண்டிருப்பதைப் பார்த்தேன். கனகா கைகாலை உதறிக் கத்திக்கொண்டிருந்தாள்.

"இன்னா பண்ற?" என்றேன்.

"ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லாததுக்கா புள்ள இப்டி கத்துது?"

"டீச்சரம்மா சொன்னாங்க" என்றாள். நான் டீச்சர் வீட்டுக்கே போய்விட்டேன். அந்த அம்மாளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. கடிதத்தை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டார்கள். கிழித்து மில் அடுப்பில் போட்டேன்.

ஆதிலட்சுமிக்குப் படித்துக் காட்டு, ஆதிலட்சுமியைக் கேள் என்று எழுதுகிறாயே, ஒன்று தெரிந்துகொள். உன் பேரை எடுத்தாலே அவள் எழுந்து போய்விடுகிறாள். நான் உன்னைத் திட்டினால் ஆமாம் என்றும் சொல்வதில்லை, இல்லை என்றும் சொல்வதில்லை. பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுகிறாள். பெற்ற வயிற்றுக்கு உன் பேரே ஆகவில்லை. அப்புறம் என்ன உரிமையில் அவளுக்கு எழுதுகிறாய்?

தாமலில் பஞ்சாட்சர வைத்தியரிடம் காட்டியிருக்கிறேன். மூக்கோரத்தில் மூலிகை அரைத்துப் பத்துப் போட்டிருக்கிறார். தை பிறந்தும் நிற்காவிட்டால் நெற்றிப் பொட்டில் சின்னதாக ஒரு சூடு வைத்தால் நீர் வற்றிவிடும் என்கிறார். எங்கள் பிள்ளையை நாங்கள் பார்த்துக்கொள்வோம்.

தீபாவளிக்கு நீ அனுப்பிய கவுனைத் திருப்பி அனுப்புகிறேன்.

முனிரத்தினம்


(கார்டு)
சென்னை
24-10-1961

முனிரத்தினம், சூடு வைக்காதே. நீர் வற்றாது, தழும்புதான் மிஞ்சும். குழந்தை மேல் இரும்பு பட்டது என்று கேள்விப்பட்டால் அன்றைக்கே பஸ் ஏறி வந்து, போலீஸ் ஸ்டேஷனில் உன் பேரையும் அந்த வைத்தியன் பேரையும் எழுதிக்கொடுப்பேன். ஊரே கூடி வேடிக்கை பார்க்கட்டும். நான் சுகம்.

ஜெயம்மாள்


உத்திரமேரூர்
9-1-1962

அக்காவுக்கு முனிரத்தினம் எழுதுவது.

நீ சொன்னபடியே ஆயிற்று. உனக்குச் சந்தோஷமாக இருக்கும். மார்கழி பத்து தேதி வாக்கில் கனகாவுக்கு மூக்கோரத்தில் சிவந்து வீங்கியது. வைத்தியர் கொடுத்த பத்து எல்லாம் போட்டோம். நாலு நாளில் எலுமிச்சங்காய் அளவு ஆகிவிட்டது. கண்ணே தெரியவில்லை. காய்ச்சல் கொதித்தது, தண்ணீர்கூட இறங்கவில்லை. தூக்கிக்கொண்டு இங்கேயே சர்க்கார் டிஸ்பென்சரிக்கு ஓடினேன். டாக்டர் புதிதாக வந்த சின்னப் பிள்ளை. என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எட்டு நாள் பென்சிலின் ஊசி போட்டார். கட்டி உடையாமல் அமுங்கிவிட்டது. ஆனால் தண்ணீர் வருவது நிற்கவில்லை.

"இது திரும்பத் திரும்ப வரும். அடுத்த தடவை உடைஞ்சாலும் உடைஞ்சிரும். வழியைத் திறந்தே ஆகணும்" என்றார். கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார், உன் ஆஸ்பத்திரிக்கே. கண்ணுக்கு அங்கேதான் நல்ல டாக்டர் வருகிறாராம். என் தலையெழுத்தைப் பார்.

மாசி முதல் வாரத்தில் கூட்டிவருகிறேன். நீ அந்தப் பக்கம் வரக்கூடாது. வேறு வார்டுக்குப் போய்விடு, இல்லாவிட்டால் லீவு போடு. குழந்தையைத் தொடக்கூடாது. ஆதிலட்சுமியோடு பேசக்கூடாது.

ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். அதற்கு மட்டும் பதில் எழுது. ஆபரேஷன் அன்று குழந்தை வெறும் வயிறாக இருக்க வேண்டும், முலைப்பால்கூடக் கூடாது என்று டிஸ்பென்சரியில் கம்பவுண்டர் சொன்னார். பால்குடி மறக்காத பிள்ளை. பசி தாங்காது. ஏன் என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. கொஞ்சம் கொடுத்தால் என்ன ஆகிவிடும்? சுப்ரமணிக்கு இப்படி யாரும் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. நான் அப்போது வெளியே சீட்டு எழுதும் இடத்தில் நின்றிருந்தேன்.

முனிரத்தினம்


பெரம்பூர், சென்னை
13-1-1962

தம்பிக்கு,

நாளைக்குப் பொங்கல். கனகாவுக்குக் கட்டி அமுங்கியது கேட்டு எனக்குச் சந்தோஷம்தான். நீ நினைக்கிற சந்தோஷம் இல்லை.

நீ கேட்டதற்குப் பதில். கொஞ்சம்கூடக் கொடுக்கக் கூடாது. மயக்கம் கொடுத்தால் உடம்பில் எல்லாம் தளர்ந்துவிடும். வயிற்றில் இருப்பது மேலே ஏறி வரும். விழித்திருக்கும்போது வாந்தி வந்தால் நாம் துப்பிவிடுவோம். மயக்கத்தில் அது மூச்சுக்குழாயில் இறங்கி நெஞ்சை அடைத்துவிடும். பெரியவர்களே போய்விடுவார்கள். குழந்தை என்றால் நிமிஷம்தான். எவ்வளவு அழுதாலும், யார் கெஞ்சினாலும், ஒரு சங்குப் பால்கூடக் கூடாது.

சுப்ரமணிக்கும் சொன்னார்கள். என்னிடம்தான் சொன்னார்கள்.

இதைப் பேனாவில் எழுத ஐந்து வருஷம் ஆகியிருக்கிறது. காலை ஏழு மணிக்கு ஆபரேஷன் என்று முதலில் சொன்னார்கள். நடுவில் ஒரு பிரசவக் கேஸ் வந்து பத்து மணி ஆயிற்று. பையன் விடியற்காலையிலிருந்து பசி பசி என்று அழுதான். வார்டில் எல்லோருக்கும் ரொட்டியும் பாலும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனைக்கு இன்னும் அழுதான். எனக்கு அங்கே வேலை கிடைத்து நாலு மாதம். சட்டம் தெரியும். ஏன் அந்தச் சட்டம் என்று தெரியாது. வாந்தி எடுத்தால் துடைக்க வேண்டுமே, அதற்காகச் சொல்கிறார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். சமையல்கட்டுக்குப் போய் அரை டம்ளர் பால் வாங்கி வந்து என் கையால் அவனுக்குக் கொடுத்தேன். யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் செய்தேன்.

உள்ளே எடுத்துப்போகும்போது நர்ஸம்மா கேட்டார்கள், "எதுவும் குடிச்சானா?" என்று. இல்லை என்றேன். வேலை போய்விடும் என்று பயம். பிறகு டாக்டர் வெளியே வந்து அதையே கேட்டார். அப்போதும் இல்லை என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் உன்னிடம் போய் மயக்கம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னார். அவருக்குத் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். அந்த நேரத்தில் உன்னிடம் அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை போல.

அன்றிலிருந்து ஆபரேஷனுக்குப் போகும் குழந்தைகள் பக்கத்தில் விடியற்காலையிலிருந்து நான் உட்கார்ந்திருப்பேன். எனக்கு ஒதுக்கிய வேலை இல்லை அது, கேட்டு வாங்கிக்கொண்டேன். அம்மாக்கள் என்னை ராட்சசி என்பார்கள். ஒருத்தி கையில் கடித்திருக்கிறாள். நான் நகர்வதில்லை.

போன வருஷம் நூற்றில் ஒன்று என்று உனக்கு எழுதினேன். பொய். அந்த வரியை எழுதிவிட்டுச் சாப்பிட முடியவில்லை. ஆனாலும் தபாலில் போட்டேன்.

நீ வரும் வாரம் நான் ஆஸ்பத்திரியில் இருக்க மாட்டேன். ஆனால் குழந்தை பக்கத்தில் நீ உட்கார்ந்திரு. நீ மட்டும். வேறு யாரையும் நம்பாதே.

ஜெயம்மாள்


(கார்டு)
சென்னை
28-2-1962

முனிரத்தினத்துக்கு. மாசி பாதி போய்விட்டது. ஆஸ்பத்திரிப் புத்தகத்தில் கனகா என்ற பேர் வரவில்லை. தினமும் போய்ப் பார்க்கிறேன். என்னைத் திட்ட வேண்டுமானால் திட்டி ஒரு கார்டு போடு. குழந்தை எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி அதில் இருந்தால் போதும்.

ஜெயம்மாள்


உத்திரமேரூர்
4-3-1962

ஜெயம்மாளுக்கு,

அக்கா என்று எழுத வரவில்லை.

உன் கடிதத்தைப் பொங்கலுக்கு மறுநாள் படித்தேன். மாட்டுப் பொங்கலுக்கு மில் லீவு. கையில் வைத்துக்கொண்டு பெரிய ஏரிக் கரையிலேயே நடந்து மதகு வரைக்கும் போய்விட்டேன். பட்டணத்துக்குப் பஸ் ஏறி வந்து உன்னை அடித்துப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். பிறகு, நான் உள்ளே போய்விட்டால் இந்தப் பிள்ளையை யார் கூட்டிப்போவார்கள் என்று திரும்பிவிட்டேன்.

பையனைக் கொன்றது ஆஸ்பத்திரி இல்லை, நீதான் என்று தெரிந்த பிறகும் அந்த வாசலை மிதிக்க மனம் வரவில்லை. டிஸ்பென்சரி டாக்டரிடம் வேறு கடிதம் வாங்கிக்கொண்டு செங்கல்பட்டுக்குப் போனோம். அங்கே இருந்த டாக்டர் கண்ணில் மஞ்சளாக ஒரு சொட்டு மருந்து விட்டார். கால் மணி நேரம் கழித்து மூக்கில் பஞ்சு வைத்து எடுத்தார். பஞ்சு வெள்ளையாகவே இருந்தது. மருந்தெல்லாம் கன்னத்தில் வழிந்துவிட்டது. "பார்த்தியா, வழி இல்லை" என்றார்.

மறுநாள் பத்து மணிக்கு ஆபரேஷன். விடியற்காலை நாலு மணிக்குமேல் ஒன்றும் கூடாது என்றார்கள். நீ எழுதியபடி நானே உட்கார்ந்தேன். ஆறு மணிக்கு ஆரம்பித்தாள். தாழ்வாரத்தில் தூக்கிக்கொண்டு நடந்தேன். என் சட்டையைச் சப்பினாள், தோளைச் சப்பினாள், காதைப் பிடித்து இழுத்தாள். கை ஓய்ந்து, ஆதிலட்சுமியைக் கூப்பிட்டேன்.

அவள் வெளியே புங்கமரத்தடியில், குழந்தை சத்தம் கேட்காத தூரத்தில் போய் உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை முன்பக்கம் முழுக்கப் பால் கசிந்து நனைந்திருந்தது.

"கொஞ்ச நேரம் வெச்சிக்க, எனக்குக் கை செத்துப்போச்சி" என்றேன்.

"எங்கிட்ட குடுக்காத."

"பாலு குடுக்காம சும்மா வெச்சிக்க. நான் பக்கத்துலதான் கீறேன்."

"எங்கிட்ட குடுக்காதன்னா குடுக்காத! என் கைய நம்பாதய்யா நீ!" என்று கத்தினாள். ஊரே திரும்பிப் பார்த்தது. முகத்தை முந்தானையில் மூடிக்கொண்டாள். நாலு மணி நேரம் அங்கேயே இருந்தாள். நீ செய்த காரியம் பெற்றவளை இந்த நிலைமைக்குக் கொண்டுவந்திருக்கிறது. உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டியது தப்போ என்று நினைக்கிறேன். படித்து முடித்ததும் குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

பத்தே காலுக்கு உள்ளே எடுத்தார்கள். பத்தரைக்கு வெளியே கொடுத்தார்கள். மூச்சு வந்துகொண்டிருந்தது. நான் அதைத்தான் முதலில் பார்த்தேன். சாயங்காலம் டாக்டர் மறுபடி அந்த மஞ்சள் சொட்டு விட்டு மூக்கைத் துடைத்தார். பஞ்சைக் கொண்டுவந்து என் கண்முன் நீட்டினார். மஞ்சளாக இருந்தது.

இப்போது ஆறு நாள். கண் ஈரமில்லாமல் இருக்கிறது.

நீ எழுதாமல் இருந்திருந்தால் நானே அன்றைக்கு ஒரு வாய் கொடுக்கச் சொல்லியிருப்பேன். அது எனக்குத் தெரியும். அதற்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இந்த வீட்டுப் பக்கம் வராதே. நான் செத்தாலும் வராதே.

முனிரத்தினம்


பெரம்பூர், சென்னை
11-3-1962

முனிரத்தினத்துக்கு,

பஞ்சு மஞ்சளாக இருந்தது என்ற வரியை நர்ஸம்மாவிடம் படித்துக் காட்டினேன். அவர்களும் சந்தோஷப்பட்டார்கள். இன்னும் பதினைந்து நாளைக்குக் கண்ணில் மருந்து விடுவதை நிறுத்தாதே. சளி பிடிக்காமல் பார்த்துக்கொள். அந்த மூலையை அழுத்தி இழுப்பதை இன்னும் இரண்டு மாதம் செய்யச் சொல்.

நீ சொன்னதெல்லாம் சரி. வரமாட்டேன்.

ஒரே ஒரு வேண்டுதல். ஆதிலட்சுமியை எதுவும் கேட்காதே. புங்கமரத்தடியில் ஏன் உட்கார்ந்தாள், ஏன் கத்தினாள் என்று எதையும் கேட்காதே. அவளை அவள்பாட்டுக்கு விட்டுவிடு. என்னைத் திட்டிக்கொள், எவ்வளவு வேண்டுமானாலும். அவளிடம் போகாதே.

ஜெயம்மாள்


உத்திரமேரூர்
25-3-1962

அண்ணிக்கு ஆதிலட்சுமி சொல்லி எழுதுவது. எழுதுகிற கை என்னுடையது, முனிரத்தினம். அவள் வாயில் வருகிறபடியே எழுத வேண்டும், ஒன்றையும் விடக்கூடாது, நடுவில் நிறுத்தினால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருமுக்கூடலில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அண்ணி, நல்லா கீறீங்களா. நான் நல்லா கீறேன். கனகா நடக்கறா.

எதயும் கேக்காதன்னு நீங்க எய்தினீங்களாம். அதப் படிச்சிட்டுத்தான் இவரு கேக்கவே ஆரம்பிச்சாரு. "எங்க அக்கா ஏன் ஒன்ன இப்டி மூடி மூடி வெக்கறா?" அப்டின்னாரு. பத்து நாளா கேக்கறாரு. நான் வாயால சொன்னா பாதியில எய்ந்து பூடுவாரு. அதான் பேனாவ எடுக்கச் சொன்னேன்.

ஒங்க கையால குடுத்ததா எய்தியிருந்தீங்க. பொய்யி. ஒங்க கையில டம்ளர்தான் இருந்துது.

அன்னிக்கி நீங்க முடியாதுன்னு சொன்னீங்க. ஒரு தரம் இல்ல, மூணு தரம் சொன்னீங்க. "சட்டம்டி, குடுக்கக் கூடாதுடி"ன்னீங்க. நான் ஒங்க கால்ல வியுந்தேன். "பெத்தவ நான் சொல்றேன், ஒரு வாய் கொண்டாங்க, ஒங்களுக்கு வயித்துல பொறந்திருந்தா தெரியும்"னு கேட்டேன். புள்ள இல்லாதவங்களப் பாத்து அப்டி கேட்டேன். அதுக்கப்புறம்தான் நீங்க சமையக்கட்டுக்குப் போனீங்க. போயி பால் வாங்கியாந்தீங்க. நான்தான் டம்ளரப் புடுங்கி அவன் வாயில வெச்சேன். நீங்க வேற பக்கம் திரும்பிக்கினீங்க.

(இந்த இடத்தில் நான் எழுதுவதை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டேன். இப்போது மறுநாள் காலை. மீதியை எழுதுகிறேன். – முனிரத்தினம்)

அஞ்சி வருசமா இவரு ஒங்களத் திட்டும்போதெல்லாம் நான் எய்ந்து பூடுவேன். வாயத் தொறந்தா உண்ம வந்துடுமோன்னு. இவரு என்ன வுட்டுட்டா எங்க போவேன்னு பயம். ஒங்களுக்கு வேல பயம், எனக்கு வூடு பயம். நடுவுல அந்தப் புள்ளயப் பத்தி யாருமே பேசல.

நான் மன்னிப்புக் கேக்கறதுக்காக இத எய்தச் சொல்லல. எனக்கு ஒங்க மேல இன்னும் கோவம்தான். சட்டம் தெரிஞ்சவங்க நீங்க. நான் கால்ல வியுந்தா ஒதச்சித் தள்ளியிருக்கணும். இப்ப ஆரோ பெத்த புள்ளைங்களுக்குக் காவல் குந்தறீங்களே, அன்னிக்கி எங்க போச்சி அந்தத் தைரியம்? இதயும் சொல்லிட்டேன். எம்மேல இருக்கற கோவத்த நீங்களும் எய்துங்க. என் மூஞ்சிக்கி நேரா. நல்லவங்க மாதிரி மூடி வெக்காதீங்க.

இப்ப வராதீங்க. மூணு பேரும் ஒரு வூட்ல குந்த முடியாது. கனகாவுக்குக் கண்ணுல மருந்து விடறேன். நீங்க சொன்ன மாதிரி மூக்காண்ட அழுத்தி வுடறேன். அவ்ளோதான்.

ஆதிலட்சுமி கைநாட்டு.

முனிரத்தினம் எழுதுவது. அவள் சொன்னதில் ஒரு எழுத்தும் விடவில்லை. நேற்று வெளியே போனவன் மில்லிலேயே நெல் மூட்டைகள் மேல் கிடந்துவிட்டுக் காலையில் வந்தேன். அவள் விட்ட இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். குழந்தை மடியில் இருந்தது. உன்னை அடிக்கப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போன நான் இவளை என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. கிட்டே போய் நின்றேன். ஒன்றுதான் கேட்க வந்தது.

"பால நல்லா குடிச்சானா?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "குடிச்சான். ஒரு சொட்டு விடல. ஒதட்டு மேல மீச மாதிரி ஒட்டிக்கினு இருந்துது. தொடைக்கப் போனேன், தலையத் திருப்பிக்கினு சிரிச்சான்" என்றாள்.

அவனை நான் கடைசியாகப் பார்த்தது அழுதுகொண்டிருந்தபோது. சீட்டு எழுத வரிசையில் நிற்கப் போகும்போது நைனா நைனா என்று கையை நீட்டி அழுதான். இத்தனை வருஷமும் எனக்கு அந்த முகம்தான். அதற்கப்புறம் அவன் சிரித்தான் என்பது உங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். உங்களில் ஒருத்தியாவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

முனிரத்தினம்